கொலஸ்டியடோமா, மாஸ்டாய்டெக்டமி: நடுச்செவி அறிக்கையில் உள்ள சொற்களுக்கு என்ன பொருள்?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு வயது 29. சிறுவயதிலிருந்தே அவனுக்கு இடது காதில் அவ்வப்போது சீழ் வடியும். சொட்டு மருந்து விட்டால் நின்றுவிடும், சளி பிடித்தால் மீண்டும் தொடங்கும். கடந்த மூன்று மாதங்களாகச் சீழ் கொஞ்சமாகத்தான் வருகிறது, ஆனால் பக்கத்தில் உட்கார முடியாத அளவுக்கு வாடை அடிக்கிறது. காது மூக்குத் தொண்டை மருத்துவர் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அறிக்கையில் உள்ளதை அப்படியே தமிழ் எழுத்தில் தருகிறேன்:

"இடது காதில் அட்டிகோ-ஆன்ட்ரல் வகை நாள்பட்ட நடுச்செவி அழற்சி. எபிடிம்பானத்தில் மென்திசு அடர்த்தி. ஸ்கூட்டம் மழுங்கியுள்ளது. இன்கஸ் நீள்முனை தெரியவில்லை. டெக்மன் மெலிந்துள்ளது. கொலஸ்டியடோமாவாக இருக்கக்கூடும்."

அதன் கீழே மருத்துவர் கையால் எழுதியது: "மாடிஃபைடு ரேடிகல் மாஸ்டாய்டெக்டமி, டிம்பனோபிளாஸ்டி."

மருத்துவர் பொறுமையாகத்தான் பேசினார். ஆனால் எங்களுக்குப் பின்னால் 40 பேர் காத்திருந்ததால் எதையும் திருப்பிக் கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் குழப்பம் தொடங்கியது. 'ஓமா' என்று முடிந்தால் புற்றுநோய்தான் என்று அம்மா அழுகிறார். பெயரிலேயே கொலஸ்ட்ரால் இருக்கிறதே என்று சித்தப்பா சொன்னதால், இரண்டு வாரங்களாக எங்கள் வீட்டில் நெய்யும் முட்டையும் கிடையாது. 'ரேடிகல்' என்றால் காதையே எடுத்துவிடுவார்களா என்று தம்பி கேட்கிறான். இச்சொற்களின் பொருளை விளக்கக்கூடியவர்கள் உதவ வேண்டுகிறேன்.

---

ஓய்வுபெற்ற செவிலி எழுதியது:

தம்பி, முதலில் உங்கள் அம்மாவுக்குச் சொல்லுங்கள்: கொலஸ்டியடோமா புற்றுநோய் அன்று. அடுத்து சித்தப்பாவுக்குச் சொல்லுங்கள்: அதற்கும் சாப்பிடும் நெய்க்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நான் மருத்துவர் அல்லேன். காது மூக்குத் தொண்டை அறுவை அரங்கில் பல ஆண்டுகள் பணிபுரிந்தவள். அரங்கில் கண்ணால் கண்டதையும், மருத்துவர்கள் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது காதில் விழுந்ததையும் வைத்து எழுதுகிறேன்.

கொலஸ்டியடோமா என்பது, எளிமையாகச் சொன்னால், இருக்கக்கூடாத இடத்தில் இருக்கும் தோல். நம் உடல் முழுவதும் தோலின் மேல்படலம் நாள்தோறும் உதிர்கிறது. காதுக் குழாயிலும் செவிப்பறையின் வெளிப்பக்கத்திலும் உள்ள தோலுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அது செவிப்பறையின் நடுவிலிருந்து ஓரத்துக்கும், ஓரத்திலிருந்து காதின் வாசலுக்கும் மெல்ல நகர்ந்துகொண்டே வந்து, உதிர்ந்ததைத் தானே வெளியே தள்ளிவிடும். காதைக் குடைய வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். செவிப்பறைக்கு உள்ளே இருக்கும் நடுச்செவியில் இப்படிப்பட்ட தோல் கிடையாது. வாயின் உட்புறத்தைப் போல ஈரமான மெல்லிய சவ்வுதான் இருக்கும்.

மூக்கின் பின்பகுதியிலிருந்து நடுச்செவிக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் யூஸ்டேஷியன் குழல் சரியாகத் திறக்காமல் போனால், உள்ளே இருக்கும் காற்று உறிஞ்சப்பட்டு அழுத்தம் குறைகிறது. அப்போது செவிப்பறையின் மேல்பகுதியில் தளர்வாக இருக்கும் சிறு பரப்பு உள்நோக்கி இழுக்கப்பட்டு ஒரு பையைப் போல ஆகிறது. பையின் வாய் குறுகலாக இருந்தால் உதிரும் தோல் வெளியே வர வழியில்லை. ஆண்டுக்கணக்கில் உள்ளேயே சேர்ந்து, அதில் கிருமி தங்கி, வாடை அடிக்கத் தொடங்குகிறது. செவிப்பறையில் ஓட்டை இருந்து அதன் விளிம்புத் தோல் உள்ளே ஏறிச் செல்வதாலும் இது உருவாகலாம். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே, ஓட்டை இல்லாத செவிப்பறைக்குப் பின்னால் வெள்ளை முத்துப் போலத் தெரியும்.

புற்றுநோயைப் போல இது இரத்தத்தின் வழியாக வேறு உறுப்புக்குப் பரவுவதில்லை. ஆனால் இதை எளிதாகவும் எடுத்துக்கொள்ள முடியாது, ஏனெனில் இந்தப் பை பெரிதாகும்போது சுற்றியுள்ள எலும்பை அரிக்கும். நடுச்செவியைச் சுற்றி முகத்தை அசைக்கும் முகநரம்பு, உடல் சமநிலைக்கான அரைவட்டக் குழல்கள், மேலே மூளையின் உறை, பின்னால் ஒரு பெரிய இரத்தநாளம் ஆகிய எல்லாமே சில மில்லிமீட்டர் தொலைவுக்குள் இருக்கின்றன. அதனால்தான் வலியே இல்லாத ஒரு காதுக்கு அறுவை சிகிச்சை செய்யச் சொல்கிறார்கள். சொட்டு மருந்து கிருமியைக் குறைத்துச் சீழை நிறுத்தும், பையை அகற்றாது.

தம்பியின் கேள்விக்கும் விடை சொல்லிவிடுகிறேன். வெளியே தெரியும் காது மடலை யாரும் எடுக்கப்போவதில்லை.

---

சொல்லாய்வன் எழுதியது:

செவிலி அம்மா நோயை விளக்கிவிட்டார். நான் பெயரை எடுத்துக்கொள்கிறேன். 1829இல் பிரான்சைச் சேர்ந்த க்ருவேல்யே இத்தகைய கட்டிகளை அவற்றின் பளபளப்பான வெண்மைக்காக 'முத்துக் கட்டி' என்று அழைத்தார். அது பார்த்ததைப் பார்த்தபடி சொன்ன பெயர். 1838இல் ஜெர்மானியரான யோஹான்னஸ் முல்லர் 'கொலஸ்டியடோமா' என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் 'கொலே' என்றால் பித்தம், 'ஸ்டியர்' என்றால் கொழுப்பு, 'ஓமா' என்றால் கட்டி. ஆனால் அதில் பித்தமும் இல்லை, அது கொழுப்பும் அன்று, பொதுவாக நாம் சொல்லும் பொருளில் கட்டியும் அன்று. ஒரே சொல்லில் மூன்று பிழைகளைச் சேர்த்து வைத்த பெயர் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக நிலைத்துவிட்டது. மதுரைப் பக்கம் ஒரு வீட்டில் நெய் நின்றுபோனதற்கு முல்லர்தான் பொறுப்பு.

'ஓமா' பற்றி அம்மா அஞ்சுவதும் புரிகிறது. ஆனால் அந்த விகுதி கட்டியையோ வீக்கத்தையோ மட்டும் குறிக்கும். 'ஹீமடோமா' என்பது வெறும் இரத்தக்கட்டு. புற்றுநோய் என்று சொல்ல வேண்டுமானால் 'கார்சினோமா', 'சார்கோமா' போன்ற சொற்களோ, 'மாலிக்னன்ட்' என்ற அடைமொழியோ வரும். உங்கள் அறிக்கையில் இவற்றில் எதுவும் இல்லை.

மற்ற சொற்களைப் பார்த்தால், உடற்கூற்றியலார் நடுச்செவியை ஒரு வீடாகவே கற்பனை செய்திருப்பது தெரியும். 'டிம்பானம்' என்றால் பறை. நாம் 'செவிப்பறை' என்று சொல்வதும் அதே உருவகந்தான். 'அட்டிக்' என்பது வீட்டின் பரண். செவிப்பறையின் மட்டத்துக்கு மேலே இருக்கும் அறை அது. 'எபிடிம்பானம்' என்பதும் அதே பரணுக்கு இன்னொரு பெயர். 'ஆன்ட்ரம்' என்றால் குகை. பரணிலிருந்து பின்னோக்கிப் போனால் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் இருக்கும் காற்றறை. 'டெக்மன்' என்றால் கூரை. அதற்கு மேலே மூளையின் உறை. 'ஸ்கூட்டம்' என்றால் கேடயம். பரணின் வெளிச்சுவரில் கூர்மையாக நீட்டிக்கொண்டிருக்கும் சிறு எலும்பு. பரணில் பை உருவானால் முதலில் மழுங்குவது பெரும்பாலும் அந்தக் கேடயந்தான்.

ஆகவே உங்கள் அறிக்கை சொல்வது இதுதான்: பரணில் ஏதோ மென்மையான பொருள் அடைத்திருக்கிறது, கேடயம் மழுங்கியிருக்கிறது, கூரை மெலிந்திருக்கிறது. 'இன்கஸ்' என்பது பட்டடை எலும்பு. சுத்தி (மாலியஸ்), பட்டடை, அங்கவடி (ஸ்டேப்பிஸ்) என்று பள்ளிப் புத்தகத்தில் படித்தோமே, அந்த மூன்றில் நடுவில் இருப்பது. அதன் நீண்ட கால் கரைந்துவிட்டது.

'மாஸ்டாய்டு' என்பது காது மடலுக்குப் பின்னால் கைவைத்தால் தட்டுப்படும் எலும்புப் புடைப்பு. கிரேக்கத்தில் 'முலை வடிவானது' என்று பொருள். 'எக்டமி' என்றால் வெட்டி அகற்றுதல். 'பிளாஸ்டி' என்றால் சீரமைத்தல். 'ஒட்டமி' என்றால் திறத்தல். இந்த மூன்று விகுதிகள் தெரிந்தால் பாதி அறிக்கை விளங்கிவிடும். 'மிரிங்கோடமி' செவிப்பறையைக் கீறித் திறப்பது, 'மிரிங்கோபிளாஸ்டி' செவிப்பறையின் ஓட்டையை ஒட்டுப் போட்டுச் சீரமைப்பது, 'ஆசிகுலோபிளாஸ்டி' சிற்றெலும்புகளின் தொடரைச் சீரமைப்பது. 'டிம்பனோபிளாஸ்டி' இவற்றைவிட விரிவானது. நடுச்செவியைத் திறந்து நோயை நீக்கிச் செவிப்பறையையும் கேட்கும் அமைப்பையும் சேர்த்துச் சீரமைப்பது.

---

வைகைக்கரை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். பரண் என்றதும் அவருக்கு உடனே புரிந்துவிட்டது; "பல்லி எச்சமும் பழைய துணியும் சேர்ந்த பரண்போல" என்று அவரே சொன்னார். 'மாடிஃபைடு ரேடிகல்' என்பதுதான் இன்னும் விளங்கவில்லை.

---

யாழ்ப்பாணத்தான் எழுதியது:

இதனை நான் சொல்வது பொருத்தம், ஏனெனில் 1996ஆம் ஆண்டு கொழும்பில் எனது வலது காதிற்கு அந்தச் சத்திரசிகிச்சைதான் செய்யப்பட்டது.

காதுக் குழாயின் பின்சுவர் எலும்பாலானது. அதற்குப் பின்னால் மாஸ்டாய்டு எலும்பின் காற்றறைகள் உள்ளன. கொலஸ்டியடோமா அந்த அறைகளுக்குள் பரவினால் மருத்துவர் எலும்பைக் கடைந்து அறைகளைத் திறந்து நோயை அகற்ற வேண்டும். பின்சுவரையும் சேர்த்து எடுத்துவிட்டால், காதுக் குழாயும் மாஸ்டாய்டும் ஒன்றாகி, வெளியிலிருந்து பார்க்கவும் துப்புரவு செய்யவும் கூடிய ஒரே குழியாகிவிடும். நடுச்செவியின் எஞ்சிய அமைப்புகளையும் நீக்கி, கேட்கும் பொறிமுறையைக் கைவிடுவது 'ரேடிகல்'. செவிப்பறையிலும் சிற்றெலும்புகளிலும் மிஞ்சியதைக் காப்பாற்றிக்கொள்வது 'மாடிஃபைடு ரேடிகல்'. எனவே அந்த 'மாடிஃபைடு' என்ற சொல்தான் உங்கள் தம்பிக்கு நல்ல செய்தி.

இன்னொரு சொல்லைப் பற்றியும் எச்சரிக்க விரும்புகிறேன். காதுச் சீழை 'சேஃப்' என்றும் 'அன்சேஃப்' என்றும் இரண்டாகப் பிரித்துச் சொல்லும் வழக்கம் நமது பக்கத்து மருத்துவர்களிடம் உண்டு. செவிப்பறையின் நடுவில் ஓட்டை இருந்து சளி போன்ற சீழ் நிறைய வடிவது முதல் வகை. உங்களுடைய அட்டிகோ-ஆன்ட்ரல் வகை இரண்டாவது. இப்போது மியூகோசல், ஸ்குவாமோசல் என்றும் எழுதுகிறார்கள். முன்னது சவ்வு சார்ந்தது, பின்னது தோல் சார்ந்தது. முதல் வகைக்கு 'சேஃப்' என்று பெயர் வைத்தது எனது கருத்தில் பெருந்தவறு. எனது தமையனார் தமது காது 'சேஃப்' என்று கேள்விப்பட்டதும் பதினைந்து வருடங்கள் வைத்தியரிடமே போகவில்லை. ஓட்டையும் மூடப்படவில்லை, கேள்திறனும் குறைந்துகொண்டே போனது. உயிராபத்து குறைவு என்பதுதான் அச்சொல்லின் பொருள்; பார்க்காமல் விடலாம் என்பது அன்று.

குழியோடு வாழ்வது எப்படி என்று கேட்பீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவர் நுண்ணோக்கி வைத்துக் குழியைத் துப்புரவு செய்வார். தலைக்குக் குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சு வைக்க வேண்டும். குளிர்ந்த கிணற்று நீரோ பலமான குளிர்காற்றோ உள்ளே போனால் தலை சுற்றும். அரைவட்டக் குழல் குழியின் ஓரத்திலேயே இருப்பதால் அதன் வெப்பநிலை மாறுவதுதான் காரணம் என்று விளக்கினார்கள். இவை தவிர, காது உலர்ந்து நன்றாகவே இருக்கிறது.

---

சிங்கைவாசி எழுதியது:

ஐயா, தங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் குழி செய்வதுதான் ஒரே வழி என்று வைகைக்கரை நினைத்துவிடக்கூடாது. எனக்கும் இதே நோய்தான். எனக்குச் செய்தது 'கெனால் வால் அப்', அதாவது காதுக் குழாயின் பின்சுவரை அப்படியே வைத்துக்கொண்டு, சுவருக்குப் பின்னாலிருந்தும் முன்னாலிருந்தும் நோயை எடுப்பது. தாங்கள் விவரித்தது 'கெனால் வால் டவுன்', அதாவது சுவரை இறக்கிவிடுவது. எனக்குக் குழி இல்லை, குளிர்ந்த நீர் பட்டால் தலை சுற்றுவதில்லை, நீந்தவும் அனுமதித்திருக்கிறார்கள். 29 வயது இளைஞனுக்கு வாழ்நாள் முழுவதும் குழியைத் துப்புரவு செய்யும் வேலையை ஏன் கொடுக்க வேண்டும்?

---

யாழ்ப்பாணத்தான் எழுதியது:

உங்களுக்கு எத்தனை முறை சத்திரசிகிச்சை செய்தார்கள் என்பதையும் எழுதுங்கள்.

---

சிங்கைவாசி எழுதியது:

இரண்டு முறை. முதல் அறுவை சிகிச்சைக்கு ஓராண்டு கழித்து 'செகண்ட் லுக்' என்று மீண்டும் திறந்து பார்த்தார்கள். அங்கவடி எலும்பின் அருகே அரிசி அளவுக்கு ஒரு முத்து இருந்தது. அதை எடுத்துவிட்டு, கரைந்துபோன பட்டடைக்குப் பதிலாக டைட்டேனியத்தில் செய்த சிறு துண்டு வைத்தார்கள். இப்போது திறந்து பார்ப்பதற்குப் பதிலாக எம்.ஆர்.ஐ.யில் 'டிஃப்யூஷன்' முறை ஸ்கேன் எடுக்கிறார்கள். சி.டி.யில் சீழ், சதை, கொலஸ்டியடோமா எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். டிஃப்யூஷன் படத்தில் கொலஸ்டியடோமா மட்டும் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். சுமார் 3 மில்லிமீட்டருக்குக் குறைவானது தப்பிவிடலாம் என்பதால், ஒருமுறை எடுத்ததோடு நில்லாமல் சில ஆண்டுகள் தொடர்ந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

---

ஓய்வுபெற்ற செவிலி எழுதியது:

இருவர் சொல்வதும் சரி. வெவ்வேறு காதுகளைப் பற்றிப் பேசுகிறீர்கள். அரங்கிலேயே இந்த விவாதம் நடக்கும். காலையில் சுவரை வைத்துக்கொள்வதாகத் திட்டமிட்டு உள்ளே போன மருத்துவர், எலும்பைக் கடைந்து பார்த்த பிறகு சுவரை இறக்கியதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

சுவரை வைத்துக்கொண்டால் காதின் இயல்பான வடிவம் நிற்கும், ஆனால் மறைவிடங்களும் நிற்கும். அங்கே ஒரு துளி தோல் தங்கினாலும் அது மறுபடியும் வளரும். சுவரை எடுத்துவிட்டால் மறைவிடம் குறையும், நோய் திரும்பும் வாய்ப்பும் குறையும்; பதிலுக்குக் குழி வரும். நோய் எவ்வளவு பரவியிருக்கிறது, மாஸ்டாய்டில் காற்றறைகள் நன்றாக இருக்கின்றனவா அல்லது கெட்டியான எலும்பாக இறுகிவிட்டதா, மற்றொரு காது கேட்கிறதா, நோயாளி அடுத்த ஆண்டு பரிசோதனைக்கு உறுதியாக வருவாரா ஆகியவற்றையெல்லாம் எடைபோட்டுத்தான் முடிவெடுப்பார்கள். கடைசியாகச் சொன்னதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பேருந்து மாறி மாறி நான்கு மணி நேரம் பயணம் செய்து வரும் ஒரு கூலித் தொழிலாளிக்கு 'ஓராண்டு கழித்து மறுபடியும் திறந்து பார்ப்போம்' என்ற திட்டம் காகிதத்தில் மட்டுமே நிற்கும். அவருக்கு ஒரே அறுவையில் பாதுகாப்பான காதைக் கொடுப்பதுதான் சரி என்று எங்கள் பேராசிரியர் சொல்வார். எனக்கும் அதில் உடன்பாடுதான்.

இந்த இடத்தில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். 'ரெசிடுவல்' என்றால் முதல் அறுவையில் எடுபடாமல் மிஞ்சியது. சிங்கைவாசி கண்ட அரிசி முத்து அதுவே. 'ரெக்கரன்ட்' என்றால் முழுதும் எடுத்த பிறகும் செவிப்பறை மீண்டும் உள்ளே இழுக்கப்பட்டுப் புதிதாக உருவானது. நோய் திரும்பியது என்ற செய்தி கேட்டதும் மருத்துவர் சரியாகச் செய்யவில்லை என்று உறவினர்கள் சண்டை பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது வகைக்குக் காரணம், முதலிலிருந்தே சரியாக வேலை செய்யாத அந்தக் காற்றுக் குழல்.

வைகைக்கரை, மருத்துவரிடம் ஒரே ஒரு கேள்வியாவது கேட்டுவிடுங்கள்: "டாக்டர், பின்சுவரை வைப்பீர்களா, எடுப்பீர்களா, எதைப் பார்த்து முடிவு செய்வீர்கள்?" இந்தக் கேள்வியைக் கேட்பவரிடம் எந்த மருத்துவரும் இரண்டு நிமிடம் கூடுதலாகப் பேசுவார்.

---

கேள்திறன் ஆய்வர் எழுதியது:

செவித்திறன் பரிசோதனை அறிக்கை பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் சேர்க்கிறேன். அந்த வரைபடத்தில் வலது காதுக்குச் சிவப்பு வட்டமும் இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறியும் இருக்கும். இவை காதில் ஒலிப்பான் மாட்டி, காற்றின் வழியாகக் கேட்டதைக் காட்டுபவை. காதுக்குப் பின்னால் எலும்பின் மேல் ஓர் அதிர்வுக் கருவியை வைத்தும் சோதிப்போம். அது வெளிச்செவியையும் நடுச்செவியையும் தாண்டி நேராக உட்செவிக்கு ஒலியைக் கொண்டுசெல்லும். எலும்பு வழியே 10 டெசிபலில் கேட்பவருக்குக் காற்று வழியே 50 டெசிபல் தேவைப்பட்டால், இடையிலுள்ள 40 டெசிபலை 'ஏர்-போன் கேப்' என்போம். உட்செவி நன்றாக இருக்கிறது, நடுச்செவியில்தான் தடை என்பது அதன் பொருள். இதைக் 'கண்டக்டிவ்' குறைபாடு என்று எழுதுவார்கள். அறுவையால் சீராக வாய்ப்பிருப்பது இந்தப் பகுதிதான். எலும்பு வழிக் கோடும் சேர்ந்து கீழே இறங்கியிருந்தால் 'சென்சரி நியூரல்' பாதிப்பு உண்டு என்று பொருள். அதை நடுச்செவி அறுவை திருப்பித் தராது.

ஒரு விசித்திரத்தையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சில நோயாளிகளுக்குப் பட்டடை கரைந்திருந்தும் கேள்திறன் நன்றாகவே இருக்கும், ஏனெனில் அறுந்த இடைவெளியில் கொலஸ்டியடோமாவே பாலம்போல நின்று ஒலியைக் கடத்திக்கொண்டிருக்கும். நோயை எடுத்ததும் பாலமும் போய்விடும். அறுவைக்குப் பின் காது முன்பைவிட மந்தமாகும். 'நன்றாகக் கேட்ட காதைக் கெடுத்துவிட்டார்கள்' என்று என்னிடம் வந்து வருந்தியவர்கள் உண்டு. இந்த அறுவையின் முதல் நோக்கம் காதைப் பாதுகாப்பானதாகவும் உலர்ந்ததாகவும் ஆக்குவது, கேள்திறன் இரண்டாவது. இந்த வரிசை தம்பிக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

---

பொன்னிமகள் எழுதியது:

இழையைத் திசைதிருப்புவதாக நினைக்க வேண்டாம். நடுச்செவி வளர்ச்சி என்பதால் இங்கேயே கேட்கிறேன். என் மாமியாருக்கு 58 வயது. காதுக்குள் நாடி துடிப்பதைப் போன்ற ஓசை கேட்கிறது. செவிப்பறைக்குப் பின்னால் சிவப்பாக ஏதோ தெரிகிறது, 'குளோமஸ்' ஆக இருக்கலாம் என்றார்கள். இதுவும் கொலஸ்டியடோமாவைப் போன்றதுதானா? சதை எடுத்துச் சோதிக்கவும் மறுக்கிறார்களே, ஏன்?

---

ஓய்வுபெற்ற செவிலி எழுதியது:

இல்லை அம்மா, இது முற்றிலும் வேறு. குளோமஸ் என்பது இரத்தநாளங்கள் நிறைந்த உண்மையான கட்டி. பாராகாங்க்ளியோமா என்றும் எழுதுவார்கள். பெரும்பாலும் புற்றுத்தன்மை இல்லாதது, மெதுவாக வளர்வது. துடிப்போடு சேர்ந்து ஓசை கேட்பது அதில் பாயும் இரத்தத்தால்தான். சிறு துண்டு எடுக்கப் போனால் கட்டுக்கடங்காமல் இரத்தம் வரலாம். அதனால்தான் மறுக்கிறார்கள், ஸ்கேனில் அதன் அளவையும் வேரையும் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். மறுத்த மருத்துவர் சரியாகவே செய்திருக்கிறார்.

பொதுவாகவே, காதில் சதை தெரிகிறது என்றதும் பிடித்து இழுக்கக் கூடாது. 'ஆரல் பாலிப்' என்று எழுதப்படும் சிவந்த சதைக்குப் பின்னால் பல நேரங்களில் கொலஸ்டியடோமா ஒளிந்திருக்கும்; அந்தச் சதை முகநரம்பிலோ அங்கவடி எலும்பிலோ ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும். 'கொலஸ்ட்ரால் கிரானுலோமா' என்று ஒன்றும் உண்டு. பெயர் ஒத்திருப்பதால் குழம்புவார்கள். அது பழைய இரத்தக் கசிவைச் சுற்றி உண்டாவது, செவிப்பறை நீலநிறமாகத் தெரியும். 'டிம்பனோஸ்கிளிரோசிஸ்' என்று எழுதியிருந்தால் செவிப்பறையில் சுண்ணாம்பு பூசியது போன்ற வெள்ளைத் தழும்பு. பலருக்கு அதனால் எந்தத் தொல்லையும் இருக்காது.

---

வைகைக்கரை எழுதியது:

ஐந்து வாரங்கள் கழித்து எழுதுகிறேன், பொறுத்தருள்க. தம்பிக்கு அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. நீங்கள் சொன்ன கேள்வியைக் கேட்டேன். மருத்துவர் ஸ்கேன் படத்தைத் திரையில் போட்டு, மாஸ்டாய்டு எலும்பு இறுகிப்போய்க் காற்றறைகளே இல்லாமல் இருப்பதைக் காட்டினார். சுவரை எடுப்பதே நல்லது என்றார். ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆனது. அறுவைக் குறிப்பில் உள்ளவை:

"ஆன்ட்ரத்திலும் அட்டிக்கிலும் கொலஸ்டியடோமா. இன்கஸ் அரிக்கப்பட்டிருந்தது, அகற்றப்பட்டது. மாலியஸ் தலை அகற்றப்பட்டது. ஸ்டேப்பிஸ் முழுமையாக, அசையும் நிலையில். முகநரம்புக் குழல் டிம்பானிக் பகுதியில் டெஹிசன்ட். டெக்மன் சேதமில்லை. டெம்போராலிஸ் ஃபேசியா ஒட்டு, மூன்றாம் வகை டிம்பனோபிளாஸ்டி, மீட்டோபிளாஸ்டி."

இதில் பாதியை நானே படித்துவிட்டேன் என்பதில் எனக்குச் சிறு பெருமை உண்டு. 'டெஹிசன்ட்', 'மூன்றாம் வகை', 'மீட்டோபிளாஸ்டி' ஆகிய மூன்றும் தெரியவில்லை. நாக்கின் இடதுபக்கம் இரும்பை நக்கியதுபோல இருக்கிறது என்கிறான், அதுவும் இதனால்தானா?

---

ஓய்வுபெற்ற செவிலி எழுதியது:

நல்ல செய்தி, தம்பி. 'டெஹிசன்ட்' என்றால் மூடியிருக்க வேண்டிய எலும்பு மூடாமல் திறந்திருப்பது. முகநரம்பு ஓர் எலும்புக் குழலுக்குள் ஓடுகிறது. சிலருக்குப் பிறவியிலேயே அதில் ஒரு பகுதி திறந்திருக்கும், சிலருக்கு நோய் அரித்துத் திறந்துவிடும். உங்கள் தம்பி கண்ணை இறுக்கி மூடவும் இரண்டு பக்கமும் ஒன்றுபோலச் சிரிக்கவும் முடிந்தால் நரம்பு நலமாக உள்ளது. இந்தச் சொல் முக்கியம்: பிற்காலத்தில் வேறொரு மருத்துவர் அந்தக் காதைத் திறக்க நேர்ந்தால், நரம்பு கவசமில்லாமல் இருக்கிறது என்பது அவருக்கு முதலில் தெரிய வேண்டும்.

'மீட்டோபிளாஸ்டி' என்பது காதின் வாசலைச் சற்று அகலமாக்குவது. குழிக்குக் காற்று போகவும் மருத்துவர் உள்ளே பார்த்துத் துப்புரவு செய்யவும் வாசல் பெரிதாக இருக்க வேண்டும். அந்தக் காது வாசல் மற்றதைவிடப் பெரிதாகத் தெரிந்தால் அஞ்ச வேண்டாம்.

நாக்குச் சுவை பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாக்கின் முன்பகுதிக்குச் சுவை கொண்டுசெல்லும் மெல்லிய நரம்பு ஒன்று செவிப்பறைக்குப் பின்னால், பட்டடைக்கும் சுத்திக்கும் இடையே குறுக்கே ஓடுகிறது. அறுவையில் அது இழுபடலாம், சில நேரம் வெட்டவும் நேரும். பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் அந்த இரும்புச் சுவை மங்கிவிடும்.

---

சொல்லாய்வன் எழுதியது:

'மூன்றாம் வகை' என்பது ஜெர்மனியின் வுல்ஸ்டைன் 1950களில் வகுத்த ஐந்து வகைகளில் ஒன்று. முதல் வகையில் மூன்று எலும்புகளும் நன்றாக இருக்கும்; செவிப்பறையை மட்டும் ஒட்டினால் போதும். மூன்றாம் வகையில் சுத்தியும் பட்டடையும் பயன்படாத நிலையில், புதிய செவிப்பறையை நேராக அங்கவடியின் தலைமேல் படியுமாறு வைப்பார்கள். பறவைகளுக்கு நடுச்செவியில் 'காலுமெல்லா' என்ற ஒரே எலும்புதான் உண்டு; அதைக் கொண்டே மயிலும் குயிலும் கேட்கின்றன. இந்த வகையையும் காலுமெல்லா முறை என்று சிலர் அழைப்பது அதனால்தான். 'டெம்போராலிஸ் ஃபேசியா' என்பது காதுக்கு மேலே, மெல்லும்போது அசையும் தசையின் உறை. அதே வெட்டின் வழியாகவே எடுத்துக்கொள்வார்கள் என்பதால் தொடையிலோ வயிற்றிலோ தனிக் காயம் இல்லை.

---

கேள்திறன் ஆய்வர் எழுதியது:

அங்கவடி அசையும் நிலையில் இருப்பது கேள்திறனுக்கு மிக நல்ல குறி. ஆனால் இப்போதே சோதிக்க அவசரப்பட வேண்டாம். குழிக்குள் கரையும் பஞ்சும் வீக்கமும் இருக்கும்வரை எண்கள் தவறாகவே வரும். மூன்று மாதம் அளவில் மருத்துவர் சொல்லும்போது எடுத்து, பழைய வரைபடத்தோடு பக்கத்தில் வைத்து, ஏர்-போன் கேப் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பாருங்கள்.

---

யாழ்ப்பாணத்தான் எழுதியது:

குழியர் சங்கத்துக்கு உங்கள் தம்பியை வரவேற்கிறேன். காய்ச்சலோடு கடுந்தலைவலி, வாய் ஒருபக்கம் கோணுதல், நிற்க முடியாத தலைசுற்றல் ஆகியவற்றில் எது வந்தாலும் இந்த இழையில் எழுதிக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். அந்த அறுவைக் குறிப்பைப் படம் பிடித்து மூன்று பேரின் கைபேசியில் வைத்திருங்கள். 1996இல் எனக்குக் கொடுத்த தாள் 2004இல் வீடு மாறும்போது தொலைந்துபோனது, எனது ஸ்டேப்பிஸ் இருக்கிறதா இல்லையா என்பதை அறிய நான் மறுபடியும் ஸ்கேன் எடுக்க வேண்டியதாயிற்று.

---

வைகைக்கரை எழுதியது:

படம் எடுத்து அம்மாவின் கைபேசியிலும் போட்டுவிட்டேன், ஐயா. அகற்றிய பொருளின் திசு ஆய்வு அறிக்கையும் இன்று வந்தது: "உதிர்ந்த கெரட்டின் படலங்கள், செதில் எபிதீலியம், புற்றுத்தன்மை இல்லை." தோல் என்பதை அம்மாவே படித்துக் கண்டுபிடித்தார்.